கதவுக்குள் வைத்த கட்டை

மின்சார ஜன்னல் திறந்தபடி நின்றுவிட்டால் எல்லோரும் முதலில் மோட்டாரைத்தான் சந்தேகப்படுகிறார்கள், ஷெரீஃப். முதலில் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். பிறகு பொத்தான். அதை அழுத்திக்கொண்டே கதவில் காதை வைத்தால் உறுமல் கேட்கும். கேட்டால் மோட்டாரில் குறை இல்லை, கண்ணாடியைத்தான் ஏதோ பிடித்துவைத்திருக்கிறது என்று அர்த்தம். வடக்கு டகோட்டாவில் முப்பத்தொரு வருடமாகப் பட்டறை நடத்துகிறேன். இந்த வரிசையை மாற்றியதில்லை. கதவுக்குள் கிடைத்த கட்டையைப் பற்றித்தானே கேட்டீர்கள்? சொல்கிறேன்.

என் தங்கை ஆல்விராவின் கணவன் லியாண்டர் செவ்வாய்க்கிழமை காலையில் தன் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்தான். ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி முழுக்க இறங்கிவிட்டது, ஏறவில்லை. மறுபக்கத்துக் கதவு மான் மோதி நசுங்கியதிலிருந்து திறப்பதில்லை, அதன் கண்ணாடியும் அசையாது.

“மச்சான், குளிர்ல காது ரெண்டும் கழண்டு விழுந்துடும் போல இருக்கு. சீக்கிரம் பாரு,” என்றான். சொல்லிக்கொண்டே என் பட்டறைத் தரையில் துப்பினான்.

சூரியகாந்தி விதை கொறிக்காதவர் எங்கள் ஊரில் யார்? நானும் கொறிப்பேன், தோலைக் காகிதப் பையில் போடுவேன். இவன் கண்ட இடத்தில் துப்புவான். தாடியில் நாலு தோல் எப்போதும் ஒட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை விருந்தில், சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே துப்பும் கோப்பையை வைத்துக்கொள்வான். ஒரு தடவை என் காப்பி என்று நினைத்து அந்தக் கோப்பையை எடுத்துக் குடித்துவிட்டேன். வெதுவெதுப்பாக, கொழகொழவென்று இருந்தது. மேஜையே சிரித்தது. “மச்சானுக்கு இன்னொரு கோப்பை ஊத்தும்மா,” என்றான் அவன். ஆல்விராவும் சிரித்தாள். அதிலிருந்து எனக்குக் காப்பி இறங்குவதில்லை.

கதவின் உள்மூடியைக் கழற்றினேன். பல வருடங்களாக ஜன்னல் வழியாகத் துப்பியதெல்லாம் காற்றில் திரும்பி, கண்ணாடி இறங்கும் பிளவுக்குள் விழுந்திருக்கிறது. அரை வாளி இருக்கும். எச்சிலோடு உறைந்து, பச்சை பூத்து, கண்ணாடியைத் தாங்கும் பிடிப்பையே உடைத்துவைத்திருந்தது. கையால்தான் வாரினேன். பட்டறைச் சூட்டில் அது இளகி, நாற ஆரம்பித்தது. வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தேன். அவன் அடுப்பருகே உட்கார்ந்து புதுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தான்.

கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளைக் குத்திவிடுவதற்காகக் கீழே படுத்தேன். அப்போதுதான் இன்ஜினின் புகைக் குழாய் தெரிந்தது. பனி உருகச் சாலையில் தூவும் உப்பு தின்று, இருக்கைக்கு நேர் கீழே இரண்டு விரல் போகிற ஓட்டை. தரைத் தகடும் அங்கே இற்றுப்போயிருந்தது.

“ஜன்னல மூடி ஓட்டுனா தல வலிக்குது மச்சான். தெறந்தா சரியாயிடுது. ஏன்?” என்று மேலிருந்து அவனே கேட்டான்.

“உப்பு வெதைய மூட்டை மூட்டையா தின்னா வலிக்காம என்ன செய்யும்?” என்றேன். சிரித்தான்.

புதுப் பிடிப்பு வரும்வரை கண்ணாடியை ஏற்றி, அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுப்பது இங்கே எல்லாப் பட்டறையிலும் செய்வதுதான். அப்படிச் செய்தால் பொத்தானின்மேல் நாடா ஒட்டி, ‘திறக்காது’ என்று சொல்லி அனுப்புவோம். நான் கட்டையை இறுக்கமாக வைத்தேன். நாடா ஒட்டவில்லை. சொல்லவும் இல்லை.

“காத்து எழும்புற மாதிரி இருக்கே, இப்பக் கெளம்பலாமா?” என்றான்.

“ஒம்பது மைல்தானே மாப்ள. ஜன்னல் இனிமே கல்லு மாதிரி நிக்கும். போ.”

அன்று காலையிலிருந்தே வானொலி எச்சரித்துக்கொண்டிருந்தது. பனிப்புயலில் வண்டி சிக்கினால் இறங்காதே, சூட்டுக்கு இன்ஜினை அவ்வப்போது ஓடவிடு, புகை உள்ளே சேர்ந்து ஆளைக் கொல்லாமல் இருக்க ஜன்னலை ஒரு விரல் திறந்துவை என்று எங்களுக்குப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். லியாண்டர் சொன்ன பேச்சைக் கேட்பவன். இறங்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். அவனைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, ஷெரீஃப். அந்த ஜன்னல் வழியாக இனி எதுவும் வெளியே வரக் கூடாது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

மதியம் இரண்டு மணிக்கு ஆல்விரா தொலைபேசியில் அழுதாள். “அண்ணா, அவரு இன்னும் வரலண்ணா.” காற்று கொஞ்சம் அடங்கியதும் டிராக்டரை எடுத்துக்கொண்டு போனேன். ஐந்தாவது மைலில் பிக்கப் பள்ளத்தில் இறங்கியிருந்தது. கதவின் கைப்பிடிக்கு மேல்வரை பனி. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். முகம் சிவந்திருந்தது, கண் பாதி திறந்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டான் என்றுதான் நினைக்கிறேன், உதடு அசைந்தது. விரல் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது. நான் காதைக் கண்ணாடியில் வைத்துக் கேட்டேன். உள்ளே மோட்டார் உறுமியது. நின்றது. மறுபடி உறுமியது. மோட்டாரில் குறை ஒன்றும் இல்லை.

அந்தச் சத்தம் அடியோடு நின்று, மேலும் பத்து நிமிடம் ஆன பிறகு டிராக்டரிலிருந்து மண்வாரியை எடுத்தேன். ஆல்விரா காத்திருப்பாளே என்று, கை கொப்புளிக்கும்வரை வேகமாகத்தான் தோண்டினேன்.