துரை விட்டுப்போன நாயை அவிழ்த்துக்கொண்டு போனது பற்றி

1957-ஆம் வருடம் ஆகஸ்டு மாதம் 19-ஆம் தேதி திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்கு, ஸ்டேஷன் ரைட்டர் முன்பாக, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொன்னது.

என் பெயர் ஞானஜோதி. வயது நாற்பத்து மூன்று. காலஞ்சென்ற சகாயத்தின் மனைவி. தேவிகுளம் தாலூகா, கல்லருவி எஸ்டேட், தொழிலாளர் குடியிருப்பில் ஏழாம் லைனில் நான்காம் வீட்டில் குடியிருக்கிறேன். கொழுந்து பறிக்கும் வேலை. இதற்கு முன் எந்த வழக்கிலும் சேர்ந்தவள் அல்ல.

என்மேல் புகார் சொல்லியிருக்கும் வேதமுத்து அடுத்த வீடான ஐந்தாம் வீட்டுக்காரர். எனக்கும் அவருக்கும் ஒரே சுவர். அவர் எங்கள் எஸ்டேட் பெரிய பங்களாவில் இருபத்திரண்டு வருடம் பட்லராக இருந்தவர். சென்ற ஜூன் மாதக் கடைசியில் துரையும் துரைசானியும் சீமைக்குப் போனபோது ரோஜர் என்ற நாயை அவரிடம் ஒப்படைத்து, கப்பலுக்கு ஏற்பாடு செய்து கடிதம் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு பங்களாவைப் பூட்டிவிட்டார்கள். வேதமுத்து நாயோடு லைனுக்கு வந்தார். நாயை வீட்டுப் பின்புறம் விறகுச் சாய்ப்பின் தூணில் கட்டினார்.

முதல் வாரம் அவர் தட்டில் கறியும் சோறும் வைத்துவிட்டு எட்டி நிற்பதை என் கண்ணால் பார்த்தேன். நாய் தின்னவில்லை. தட்டைக் காக்கைகள் காலி செய்தன. அதன் பிறகு அவர் தட்டு வைக்கவில்லை, பின்கதவையும் திறக்கவில்லை. தண்ணீர்ச் சட்டி மழையில் நிறைந்தது. கயிறு எட்டும் தூரத்துக்குள் வந்த எலியை நாய் பிடித்துத் தின்றதை இரண்டு முறை பார்த்தேன். ஜூலை பாதியில் அதன் விலா எலும்புகளை வேலிக்கு இப்பால் நின்றே எண்ணலாம் என்று ஆனது. நானும் கஞ்சி வைத்துப் பார்த்தேன். அது கஞ்சியைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எதையோ கேட்பதுபோல் இருந்தது. நான் என்ன கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த மாதம் முழுவதும் மூடுபனி. அடுப்புப் புகையும் பனியும் வேறு வேறாகத் தெரியவில்லை. வேலைக்காட்டில் பக்கத்து நிரையில் நிற்பவளின் குரல் மட்டும் வரும், ஆள் தெரியமாட்டாள். கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும்போதே அந்த நாய் என் முன்னால் உட்கார்ந்து முகத்தைப் பார்ப்பதுபோல் தோன்றும்.

ஆகஸ்டு ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் பேர் கூப்பிடும் மஸ்டரில் கங்காணி குப்பண்ணன், பக்கத்து டிவிஷனில் வெறிநாய் கடித்துவிட்டது என்றும், திங்கட்கிழமை லைனில் கவனிப்பார் இல்லாத நாய்களைக் கட்டியிருந்தாலும் சுடுவதாக உத்தரவு என்றும் சொன்னார். அதன் பிறகு நான் வேதமுத்து வீட்டுக்குப் போய்,

"அண்ணாச்சி, நாயை யாருக்காவது குடுத்திருங்க. திங்கக்கெழம சுடப் போறாங்களாம்" என்றேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே, "சுட்டா சுடட்டும் தங்கச்சி. சுட்டுட்டாங்கன்னு தொரைக்கு எழுதலாம். பட்டினி கெடந்து செத்துச்சுன்னு எப்படி எழுதுறது?" என்றார்.

அவரைக் கல்நெஞ்சர் என்று நினைத்துக்கொண்டு நான் வந்துவிட்டேன்.

பதினொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்து, மரவள்ளிக்கிழங்கு அவித்து, சுட்ட கருவாட்டோடு இலையில் கட்டினேன். அதன் பிறகு ஒரு மணி சுமாருக்கு விறகுச் சாய்ப்புக்குப் போய் நாயை அவிழ்த்தேன். ரைட்டர் கேட்டதற்குச் சொல்கிறேன்: கயிற்றை அறுக்கவில்லை, கத்தி கொண்டுபோகவில்லை, முடிச்சைத்தான் அவிழ்த்தேன். வேதமுத்துவிடம் கேட்கவில்லை. அது குற்றம் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் லாரி ஓட்டும் என் தம்பி ஆசீர்வாதம் ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு ரோட்டுக் கடையில் டீ குடிக்க நிறுத்துவான். அவனிடம் ஒப்படைப்பது என் எண்ணம். ஆனால் லைனைத் தாண்டியதும் நாய் ரோட்டுப் பக்கம் வரவில்லை, மேல்பாதையில் இழுத்தது. அதற்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. தேயிலைச் செடிகள் தண்ணீருக்கு அடியில் இருப்பவைபோல் அசைந்தன. கயிறு என் கையிலிருந்து புறப்பட்டுப் பனிக்குள் போய் மறைந்தது. மறுமுனையில் நாய் இருக்கிறது என்பது இழுப்பில்தான் தெரிந்தது. எவ்வளவு நேரம் நடந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. பயம் இல்லை. சிறுபிள்ளையை யாரோ கைபிடித்துக் கூட்டிப்போவதுபோல் இருந்தது.

அதன் பிறகு பெரிய பங்களாவின் வராந்தா தெரிந்தது. நாய் படியேறி ஒவ்வொரு கதவின் அடியிலும் முகர்ந்தது. ஒரு கதவை ஒரே ஒருமுறை பிறாண்டிவிட்டுக் காதைத் தூக்கி நின்றது. உள்ளே சத்தம் இல்லை. நாய் திரும்பி வந்து படியில் உட்கார்ந்தது. நான் இலையைப் பிரித்து அதன் முன் வைத்தேன். அப்போதும் தின்னாமல் என் முகத்தைப் பார்த்தது.

மூன்று வருடங்களுக்கு முன், கையில் காயத்தால் பறிக்க முடியாதபோது அந்தப் பங்களா புல்தரையைப் பெருக்கும் வேலையில் இரண்டு மாதம் இருந்திருக்கிறேன். துரைசானி அதே படியில் தட்டை வைப்பதும், நிமிர்ந்து மலையைப் பார்த்து நிற்பதும், பிறகு ஒரு வார்த்தை சொல்வதும், நாய் உடனே தலையைக் குனிவதும் தூரத்திலிருந்து பார்த்தும் கேட்டும் அறிந்தவைதான். அதை நான் மறந்தே போயிருந்தேன். அன்று அந்தப் படியில் நிற்கும்போது மலை இருக்கும் திசையைப் பார்த்தேன். பனி மட்டும் இருந்தது. என் பக்கத்தில் யாரோ நிற்பதுபோல் இருந்தது. "ஆல்ரைட், ரோஜர்" என்று என் வாய் சொல்லிவிட்டது. நான் யோசித்துச் சொன்னது அல்ல.

நாய் தின்றது. இலையையும் நக்கியது. நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகு நாய் பங்களாவைத் திரும்பிப் பார்க்காமல் எனக்கு முன்னால் ரோட்டுக்கு இறங்கியது.

லாரி நின்றிருந்தது. தம்பி நாயைப் பார்த்து, "என்னக்கா, தொரை நாயா? எனக்கு இங்கிலீசு ஏது?" என்றான்.

"ஒரு வார்த்தை போதும்டா, நான் சொல்லித் தாரேன்" என்று சொல்லிக்கொடுத்தேன். நாய் தானாகவே ஏறி ஏலக்காய்ச் சாக்குகளின்மேல் படுத்துக்கொண்டது.

ஐந்து மணிக்குத் திரும்பி வந்து, நடந்ததில் நாயை ஒருவரிடம் ஒப்படைத்ததை மட்டும் வேதமுத்துவிடம் நேராகச் சொன்னேன். இடத்தைச் சொல்லவில்லை. அவர் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் துப்பாக்கியோடு ஆட்கள் வந்து ஏழாம் லைனில் இரண்டு நாய்களைச் சுட்டார்கள். அதே நாள் அவர் பித்தளைப் பொத்தான் வைத்த பட்லர் கோட்டைப் போட்டுக்கொண்டு இங்கே வந்து, துரையின் சொத்தை நான் திருடிவிட்டதாக வாய்மொழியாகப் புகார் சொல்லியிருக்கிறார்.

இன்று இருவரையும் அழைத்திருந்தார்கள். ஸ்டேஷன் வராந்தாவில் பெஞ்சின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்திருந்தோம். அவர், "அது திங்குதா?" என்று கேட்டார்.

"திங்குது அண்ணாச்சி. வார்த்தை சொன்னாத்தான் திங்குது" என்று, பங்களாப் படியில் நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

அவர் கோட்டுப் பொத்தானைத் திருகியபடி, "நாய்க்குப் போடுற நேரம் எனக்கு உள்ள மேச வேல. தொரைசானியம்மா வெளிய நின்னு என்ன சொல்லுவாங்கன்னு கேட்டதே இல்ல. கறி வச்சேன், மீன் வச்சேன், முட்ட அவிச்சு வச்சேன். எங்கையால திங்கக் கூடாதுன்னு நெனைக்குதோன்னு இருந்துட்டேன். அப்பறம் அது மொகத்தப் பாக்க முடியல" என்றார்.

இத்தனை நாளும் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தும் எனக்கு இது தெரியாது. அவரைப் பற்றி நான் நினைத்திருந்தது தவறு. அதைப் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். அதன் பிறகு நாய் இருக்கும் இடத்தை அவரிடம் சொன்னேன். அவர் அந்த வார்த்தையை இரண்டு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

நான் இந்த வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், எழுதி முடித்த புகாரில் கையொப்பம் இட வேதமுத்துவைக் கூப்பிட்டார்கள். வராந்தாவில் அவர் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உடும்பஞ்சோலை பஸ் நிற்கும் இடத்தில், கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, இறைச்சிக் கடை இலைப் பொட்டலம் ஒன்றை நனையாமல் மார்போடு பிடித்தபடி மழையில் நின்றிருந்தார். நான் கூப்பிடவில்லை.

இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டியது இல்லை, மறைத்தது இல்லை. அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) ச. ஞானஜோதி

புகாரில் வாதியின் கையொப்பம் பெறப்படவில்லை. — ஸ்டேஷன் ரைட்டர்