கூட்டம் இல்லாத இடம்

கீழ உன் வீட்டுக்காரர் அடிக்கட்டும் ஹார்ன், நீ உக்காரு. கார் அவருது, பாட்டரி அவருது, நமக்கென்ன வலிக்குது? நீ கேட்ட ஐஸ் பெட்டி ஸ்டோர் ரூம்ல எங்கயோ அடியில கெடக்கு, எடுக்க நேரமாகும். வந்து இறங்கி இன்னும் சாமான்கூட முழுசாப் பிரிக்கல, அதுக்குள்ள ஞாயித்துக்கிழமை பிக்னிக்! குழந்தைய எங்க சின்னவகிட்ட விடு, அவ பாத்துப்பா. அடியே பெரியவளே, அந்த பிஸ்கட் டப்பாவ எடுத்து பாப்பாவுக்குக் குடு. ரெண்டு பேரும் உள்ள போய் கதவ சாத்திக்கோங்க. இங்க நாங்க பேசறோம்.

என்ன கேட்ட, திரும்பச் சொல்லு? குழந்தையோட ஒரு நாள் போயிட்டு வர்ற மாதிரி இடம், கூட்டம் இல்லாம இருக்கணும். சரி. இது நீ கேக்கறியா, அவரு கேட்டுட்டு வரச் சொன்னாரா? அவரு சொன்னாரா. ம். ஒண்ணுமில்ல, சும்மாதான் கேட்டேன்.

எனக்குத் தெரியாத இடமா? இந்த ஊருக்கு வந்த புதுசுல எங்கள மாதிரி சுத்தினவங்க யாருமே கிடையாது. ஞாயித்துக்கிழமை ஆனா போதும், மழையோ வெயிலோ வண்டி கிளம்பிடும். எங்க வீட்டுக்காரரோட ஆபீஸ் பொம்பளைங்கல்லாம் வந்து சொல்வாங்க, குடுத்து வச்சவம்மா நீ, எங்க வீட்ல இருக்கற ஜடம் சோபாவ விட்டே எழுந்திரிக்கறதில்லன்னு. நான் சிரிப்பேன். சிரிச்சா உதடு விரியுமே, வெடிச்ச இடத்துல சுருக்குன்னு இழுக்கும். இருந்தாலும் சிரிச்சுதான் ஆகணும்.

ஏன் முழிக்கற? உதடு வெடிச்சது குளிர்லன்னு நெனச்சியா?

அட உக்காருன்னா உக்காரு. போறதுன்னா நான் சொல்றத முழுசாக் கேட்டுட்டுப் போ. கேட்டப்பறமும் போகணும்னு தோணிச்சுன்னா நானே லிஃப்ட் பட்டன அமுக்கி அனுப்பி வைக்கறேன்.

முதல்ல எல்லாம் வீட்லதான். இதே வீடு, இதே ஹால். ஆனா இங்க சுவரு இருக்கு பாரு, அப்பளம் மாதிரி. பக்கத்து வீட்டுக் கிழவர் தும்மினா எங்க வீட்ல நூறு வயசுன்னு சொல்லலாம். நம்ம ஊர்ல யாரு அடிச்சா யாரு கேக்கறா? டிவி சத்தத்த ரெண்டு கூட்டி வச்சாப் போதும். இங்க ஒரு நாள் எங்க வீட்டுக்காரர் என் தலைய அந்த சுவத்துல மோதினாரு. அந்தப் பக்கத்துலேருந்து கிழவர் டொக் டொக்குனு தட்டினாரு. இவரு இன்னொரு தடவ மோதினாரு, அந்தப் பக்கம் இன்னொரு டொக். என்னமோ அவங்க ரெண்டு பேரும் பேசிக்கற மாதிரி, நடுவுல என் மண்டைதான் டெலிபோன். சிரிக்காதே, எனக்கே அப்ப சிரிப்புதான் வந்துச்சு. கொஞ்ச நேரத்துல யூனிஃபார்ம் போட்டவங்க ரெண்டு பேரு வாசல்ல. எனக்கு பாஷை தெரியாது. இவருக்குத் தெரியும். ஆணி அடிச்சோம், படம் மாட்டறதுக்குன்னு சொன்னாரு. அந்தா அந்தப் படம் தான். அதுக்கப்பறம் உண்மையாவே ஆணி அடிச்சு மாட்டினாரு.

அன்னியோட வீட்டுக்குள்ள அடி நின்னுச்சு. வீட்டுக்குள்ள மனுஷன் தங்கக் கம்பி. குரல்கூட ஏறாது. என்ன தப்பு பண்ணாலும் ஒரு பார்வ பாப்பாரு. சாம்பார்ல உப்பு கம்மியா, சின்னவ பால கொட்டிட்டாளா, எங்கம்மா போன் பண்ணாங்களா, ஒரே ஒரு வார்த்ததான். ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்.

புரியுதா? மத்த வீட்டுப் புள்ளைங்க ஞாயிறு எப்ப வரும்னு காத்திருக்கும். எங்க ரெண்டும் சனிக்கிழமையே வாந்தி எடுக்கும்.

அதோ, உன் வீட்டுக்காரர் மறுபடியும் ஹார்ன் அடிக்கறாரு. கை வலிச்சா தானா நிறுத்துவாரு. இரு, பெட்டிய அந்த மூலைல பாக்கறேன்.

எங்க விட்டேன்? ஆங், ஏரி. ஊரத் தாண்டி வடக்கால போனா வரும். நல்ல இடம், பார்க்கிங் இலவசம், கழிவறை சுத்தமா இருக்கும், தரைல விரிக்க கனமான விரிப்பா எடுத்துட்டுப் போகணும், ஈரம் ஏறும். நான் ஒரு தடவ விரிப்ப மறந்துட்டேன். மறந்தாச்சா, சரின்னாரு. முதல்ல போட்டோ. அது எப்பவுமே முதல்ல. குடும்பமா நின்னு, நான் பொட்டு வச்சு, புள்ளைங்க தல வாரி, பின்னால தண்ணி பளபளன்னு. போட்டோ முடிஞ்சதும் புள்ளைங்களப் பாத்து, போய் காய் பொறுக்குங்கன்னுவாரு. பைன் மரத்தடியில காஞ்சு விழுந்திருக்குமே, செதில் செதிலா, கட்டையாட்டம் ஒரு காய். ஆளுக்கொரு பை. பை ரொம்பினாத்தான் திரும்பி வரலாம்.

அவங்க அந்தப் பக்கம் போவாங்க. இவரு என் பின் கழுத்தப் பிடிச்சு தண்ணிக்குள்ள அமுக்குவாரு. அந்த ஏரித் தண்ணி என்ன ருசின்னு என்னக் கேளு. இரும்பு ருசி. கொஞ்சம் பாசி. விடுவாரு, இருமுவேன், மறுபடியும் அமுக்குவாரு. விரிப்ப மறப்பியா, மறப்பியான்னு கேப்பாரு. தண்ணிக்குள்ள இருக்கறவ என்னன்னு பதில் சொல்றது? படிச்ச மனுஷன், அதுகூடத் தெரியல.

காடும் இருக்கு. ஞாயித்துக்கிழமைலகூட ஒரு ஈ காக்கா இருக்காது. உங்க வீட்டுக்காரர் கேட்ட மாதிரியே கூட்டமில்லாத இடம். அங்க பெல்ட். குளிருக்குக் கனமா கோட்டு போட்டிருப்பேனே, கழட்டச் சொல்லுவாரு. கழட்டி மடிச்சு வைக்கச் சொல்லுவாரு. கோட்டு வெல ஜாஸ்தி, பாழாயிடக்கூடாதுல்ல. மரத்தக் கட்டிப் பிடிச்சுக்கன்னுவாரு. பட்டை முகமெல்லாம் கீறும். அந்தப் பக்கம் புள்ளைங்க காய் பொறுக்கற சத்தம் கேக்கும். சின்னவ பாட்டு பாடுவா, உச்சக் குரல்ல, எங்கிட்டேருந்து சத்தம் வந்தா அவ காதுல விழக்கூடாதுன்னு. பெரியவ பாட மாட்டா. பெரியவ அந்தக் காய ஒண்ணொண்ணா, ஒரு சத்தமும் இல்லாம, பைல வைப்பா. பால்கனில பாத்தியே மூட்டை மூட்டையா? உன்ன மாதிரிதான் எல்லாரும் கேப்பாங்க, ஐயோ எவ்வளவு அழகு, எங்க பொறுக்கினீங்கன்னு.

தண்ணி வேணுமா? குடி. டம்ளர ரெண்டு கையால பிடி. இந்த வெயில்ல முழுக்கை போட்டுக்கிட்டு வந்திருக்க, வேர்க்காதா? சரி, சரி, இழுத்து விட்டுக்கோ. நான் ஒண்ணும் பாக்கல.

ஒரு நாள் மணிக்கட்டு போயிடுச்சு. பொம்மை கையாட்டம் தொங்குது. ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும். கார்ல போகும்போது எனக்கு பாடம் எடுத்தாரு. இந்த ஊர் பாஷைல ஒரே ஒரு வாக்கியம். கல்லு வழுக்கிடுச்சு. எலும்பு தோலக் குத்திக்கிட்டு நிக்குது, நான் ஸ்கூல் புள்ளையாட்டம் திருப்பித் திருப்பி ஒப்பிக்கறேன். கடைசி எழுத்த விழுங்காதே, திரும்பச் சொல்லுன்னாரு. கான்வென்ட்ல சிஸ்டருங்க ஸ்கேல வச்சுக்கிட்டு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தாங்க, அவங்ககூட இவ்வளவு பொறுமையா உச்சரிப்பு திருத்தினது கிடையாது. பால் வேணும், ரொட்டி வேணும், வழி எங்க, எதுவுமே எனக்குத் தெரியாது. இந்த ஊர் பாஷைல நான் தடுக்காம பேசின முதல் வாக்கியம் அதுதான். டாக்டர் கேட்டாரு, நான் சொன்னேன். இவரு பக்கத்துல நின்னு என் தலையத் தடவிக் குடுத்தாரு. நர்ஸ் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு, என்ன பாசம்னு.

அடுத்தது அருவி. அருவி ரொம்ப அழகு, ஆனா சத்தம் ஜாஸ்தி. அதனாலதான் அவருக்குப் பிடிக்கும்.

அன்னிக்கு பெரியவ காய் பொறுக்கப் போக மாட்டேன்னுட்டா. பன்னண்டு வயசுக் குழந்தை. பையக் கீழ போட்டுட்டு, நான் அம்மாகூடத்தான் நிப்பேன்னா. அவ்வளவுதான். ஜடையப் பிடிச்சு சுத்தினாரு பாரு, கால் தரைல படல. தடுப்புக் கம்பி வரைக்கும் தரதரன்னு இழுத்துட்டுப் போனாரு. அந்தப் பக்கம் பாறை, கீழ தண்ணி. அவ கத்தறது எனக்குத் தெரியுது, கேக்கல. அருவி சத்தம். வாய் மட்டும் தொறந்து தொறந்து மூடுது. நான் ஓடினேன், வயித்துல உதைச்சாரு. எழுந்து கார்கிட்ட போனேன். இதே ஐஸ் பெட்டியாலயாவது மண்டைல போடலாம்னுதான் போனேன், சத்தியமா. உள்ள பாத்தா, சாவி தொங்குது.

எனக்கு ஓட்டத் தெரியாது. பாத்துருக்கேன், அவ்வளவுதான். நான் ஏறி சாவியத் திருகினதப் பாத்ததும் அவரு அவள விட்டுட்டு என்னப் பாத்து வந்தாரு. சிரிச்சுக்கிட்டே வந்தாரு, இவளாவது ஓட்டறதாவதுன்னு. கைல அவ முடி ஒரு கொத்து. அமுக்கினேன். வண்டி பாஞ்சுது. முன் பக்கத்துக்கும் தடுப்புக் கம்பிக்கும் நடுவுல ரெண்டு கால். காஞ்ச சுள்ளிய முழங்கால்ல வச்சு ஒடிப்போமே, அந்த சத்தம். அருவி அவ்வளவு போட்ட சத்தத்துலயும் அது மட்டும் எனக்குத் தெளிவாக் கேட்டுச்சு. பின்னால எடுக்கத் தெரியல எனக்கு. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம், அவரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அப்பதான் சின்னவ பை ரொம்பிடுச்சுன்னு வந்து நிக்கறா.

ஆஸ்பத்திரில அதே டாக்டர். என்ன ஆச்சுன்னு கேட்டாரு. இவரு என்னப் பாத்தாரு. நான் பக்கத்துல நின்னு அவரு தலையத் தடவிக் குடுத்தேன். பெரியவ கட்டில் காலடியில நிக்கறா, தலைல ஒரு பக்கம் தோல் தெரியுது. டாக்டர் அவளையும் பாத்தாரு. இவரு வாயத் தொறந்தாரு. என்ன சொன்னாரு சொல்லு பாப்போம்?

கல்லு வழுக்கிடுச்சு.

உச்சரிப்பு பிரமாதம், கடைசி எழுத்து உட்பட. டாக்டர் ஒண்ணும் முட்டாள் இல்ல. அவரு ஒரு போன் பண்ணாரு, அப்பறம் என் பாஷை தெரிஞ்ச ஒரு அம்மாவக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சாங்க. நான் எல்லாத்தையும் சொன்னேன், காரையும் சேத்து. இப்ப எங்க வீட்டுக்காரர் நம்ம ஊர்ல அவரு தங்கச்சி வீட்ல இருக்காரு, கம்ப ஊனிக்கிட்டு. கார் எங்கிட்ட. முறையாக் கத்துக்கிட்டு லைசென்ஸ் வாங்கிட்டேன். போன மாசம் புள்ளைங்களோட அந்த ஏரிக்குப் போனோம். அந்தக் கரைல மஞ்சப் பூ அப்படிப் பூத்திருக்கு. எத்தன தடவ போயிருக்கேன், ஒரு தடவகூட என் கண்ணுல பட்டதில்ல.

ஹார்ன் நின்னுடுச்சு, கவனிச்சியா? இறங்கிட்டாரு போல.

ஐஸ் பெட்டியா? அது எங்கிட்ட இல்லம்மா. அத எப்பவோ தூக்கிப் போட்டாச்சு. நீ கொஞ்ச நேரம் உக்காரணுமேன்னுதான் உருட்டிக்கிட்டிருந்தேன்.

போன வாரம் கீழ லிஃப்ட்கிட்ட பக்கத்து வீட்டுக் கிழவர் உன் வீங்கின கண்ணப் பாத்து என்ன ஆச்சுன்னு கேட்டாரே, நான் பின்னால காய்கறிப் பையோட நின்னேன். உனக்கு இன்னும் இந்த ஊர் பாஷைல பால் வாங்கத் தெரியாது. எத்தனாவது மாடின்னு சொல்லத் தெரியாது, விரலத்தான் காட்டற. ஆனா வழுக்கிடுச்சுங்கற அந்த ஒரு வாக்கியத்த எப்படி சொன்ன! தடுக்காம, கடைசி எழுத்த விழுங்காம.

அழாதே. அழறதுக்கு நேரமில்ல, லிஃப்ட் மேல வருது. என் முகத்தப் பாரு. போறியா, இருக்கியா? பேச வேண்டாம், தலைய ஆட்டு போதும்.

சரி.

பெரியவளே, ஆஸ்பத்திரிக்கு வந்தாங்களே, அந்த அம்மாவுக்கு போன் போடுடி, நம்பர் உனக்குத் தெரியும். பாப்பா உள்ளயே இருக்கட்டும். நீ எழுந்திரு, கண்ணத் துடைச்சுக்கோ. அந்தக் கதவுகிட்ட முட்டுக் குடுத்திருக்கேன் பாரு ஒரு கல்லு, அருவிலேருந்து எடுத்துட்டு வந்தது, அதத் தூக்கி இப்படிக் குடு. கனம், ரெண்டு கையாலயும் பிடி.

பயப்படாதே, இது வழுக்காது.