கீழ் லயத்துப் பைப் முறை

எனக்குச் சண்டை பிடிக்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே பைப். காலையில் வேலைக்குப் பேர் எடுக்கும் பெரட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். வீட்டுக்கு நாலு குடம் என்று முறை. வால்வைத் திறந்து மூடுவது நான் என்பதால் பாதி வசவு எனக்குத்தான் விழும்.

நான் பதுளையில் வர்த்தகப் பாடம் டியூஷன் எடுப்பவன். "முறை உங்க சொத்து. வேணாம்னா வித்துருங்க" என்று லயத்தாரிடம் சொன்னேன். வாங்குவதற்கு எல்ல ஊரில் ஒரு சுற்றுலா விடுதி இருந்தது. வெள்ளைக்காரர்கள் பாவம், ஒரு நாளைக்கு மூன்று தடவை குளிப்பார்கள். விடுதியின் சின்னத் தண்ணீர் வண்டி, பவுசர், வரத் தொடங்கியதும் சண்டை நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. விடுதிக்காரர் எனக்கொரு போன் தந்தார். தரகு என்று எழுதிவிடாதீர்கள், அன்பளிப்பு.

தோட்டத்தில் வேலை இருந்தவர்கள் எப்போதாவது விற்றார்கள். வேலை போன நல்லம்மா அக்கா தினமும் விற்றார். யாருக்கு அவசரமோ அவர் முந்திக்கொள்வார், அதுதான் சந்தையின் அழகு. அவரும் மகள் சுபாஜினியும் குடித்தது தேயிலை மலையிலிருந்து வடியும் வாய்க்கால், கான் தண்ணீர். கொதிக்கவைத்துக் குடிக்கும்படி நான் இலவசமாகவே ஆலோசனை சொன்னேன்.

சுபாஜினிக்கு மூன்று நாள் வயிற்றுப்போக்கு. பத்தொன்பது வயது. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஹாலிஎலயிலேயே முடிந்துவிட்டது.

எங்கள் லயத்தில் சாவு விழுந்தால் அன்றைக்குப் பைப் முழுக்கச் சாவு வீட்டுக்குத்தான். வேறு யாரும் குடம் வைக்க மாட்டார்கள். பிணத்தைக் குளிப்பாட்ட வேண்டும், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்ற வேண்டும். விடுதியிலோ அன்று கல்யாணக் கூட்டம்.

"அக்கா, இன்னைக்கு முழு பைப்பும் உங்களோடது. நல்ல வெல வரும்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "இதையுமா தம்பி விக்கச் சொல்ற?"

"நான் சொல்லலக்கா. உங்க இஷ்டம். பெட்டி வாங்கணுமே."

"அடப்பாவி" என்றார். பிறகு சரியென்று தலையாட்டினார்.

திட்டினார் என்பதற்காக நான் விலையைக் குறைக்கவில்லை, அதையும் கவனியுங்கள். பவுசர் நிரம்பும்வரை வால்வருகில் நானே நின்றேன். கடைசிச் சொட்டுவரை ஏற்றியனுப்பியவன் நான்தான். ஒப்புக்கொள்கிறேன்.

சுபாஜினியை எந்தத் தண்ணீரில் குளிப்பாட்டினார்கள் என்று கேட்கிறீர்கள். நான் பார்க்கவில்லை, ஐயா. அது அவர்கள் குடும்ப விஷயம். அதில் தலையிட நான் யார்?