பாதியில் நின்ற ஜெபமாலை

பேருந்து ரெட்டியார்சத்திரம் தாண்டும்போது முன்சீட்டிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"ஏரோப்ளேன எம்மக கையாலயே ஓட்டிட்டு வந்துட்டா."

சொன்னவள் மடியில் ஜெபமாலை இருந்தது. பக்கத்தில் இருந்த பெண் திரும்பினாள்.

"கையாலயா?"

"தானா ஓட்டுற மிஷினு நடுவானத்துல வேலை செய்யலையாம். நானும் அதுலதான் வந்தேன். எறங்குன பெறகுதான் சொன்னா. ஆட்டம் தெரிஞ்சுச்சாம்மான்னு கேட்டா. நான் எங்கிட்டு பாத்தேன்? ஜெபமாலைய எடுத்தேன், பாதியிலயே தூங்கிட்டேன்."

"அம்புட்டு தைரியமாக்கா?"

"அவ ஓட்டுறப்ப எனக்கென்ன பயம்?"

எங்கள் பேருந்து ஒரு லாரியை உரசுவதுபோல் முந்தியது. அவள் விரல்கள் மணிகளை வேகமாக உருட்டின.

"பெறகு இப்ப எதுக்குக்கா உருட்டுறீங்க?"

"இத ஓட்டுறது யாரு பெத்த புள்ளையோ."