காப்பாற்றப்பட்ட சந்தையும் கிளம்பாத ஜெனரேட்டரும்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமை மருத்துவர் அம்மா அவர்களே, அச்சத்தை அடக்கிக்கொண்டு வந்தமர்ந்திருக்கும் ஆன்றோர்களே, பெற்ற பிள்ளையின் மூச்சைப் பக்கத்தில் படுத்துப் பார்த்த தாய்மார்களே, நின்றபடியே கேட்கும் என் பணித்தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நான் பேச்சாளன் அல்லன். இந்த மருத்துவமனையின் பின்கட்டில் ஜெனரேட்டர் ஓட்டுபவன். கை நடுங்குவதைப் பார்த்து அங்கே இரண்டு பேர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள் ஐயா. நடுங்குவது மேடைக்குப் பயந்து அல்ல.

பங்குச் சந்தை சரிந்தது உங்களுக்குத் தெரியும். சரிந்ததும் வங்கியை வங்கி நம்பவில்லை. நம் வங்கி கொடுத்த உத்தரவாதக் கடிதத்தைக் கடல் கடந்த எண்ணெய்க்காரர் நம்பவில்லை. டீசல் ஏற்றிய கப்பல் துறைமுகத்துக்கு வெளியே ஐந்து வாரம் நின்றது. கண்ணுக்குத் தெரிந்த கப்பல், கைக்கு எட்டாத எண்ணெய்!

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மின்சாரம் இருந்தாலும் திங்கட்கிழமைதோறும் பத்து நிமிடம் ஜெனரேட்டரை ஓட்டிப் பார்ப்போம். எங்களுடையது பழையது, ஓடினால்தான் அதன் பேட்டரியில் சார்ஜ் ஏறும். அந்தப் பத்து நிமிட டீசலையும் மிச்சம் பிடிக்க நினைத்தேன். ஐந்து திங்கட்கிழமைகள் ஓட்டவில்லை. தினமும் தொட்டிக்குள் அளவுக்குச்சியை விட்டுப் பார்ப்பேன். தொட்டி நிறைந்திருக்கும், என் நெஞ்சும் நிறைந்திருக்கும். பேட்டரியைப் பற்றி நினைக்கவே இல்லை.

ஒரு நாள் மதியம், வரவேற்பறைத் தொலைக்காட்சியில் செய்தி. சந்தையைத் தூக்கி நிறுத்த அரசே இறங்கிவிட்டது. சிவப்பு அம்பு பச்சையானது. மருந்துக்கடைக்காரர் கை தட்டினார். நானும் தட்டினேன், மறைப்பானேன்?

"தப்பிச்சோம் அண்ணே," என்றார்.

அவர் வாய் மூடுவதற்குள் திரை இருண்டது. மின்சாரம் போய்விட்டது.

ஓடினேன். சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம். மறுபடி திருப்பினேன். அந்தச் சத்தமும் இல்லை. மாடியில், குறைமாதக் குழந்தைகள் அறையில், என் தங்கையின் ஒன்பது நாள் மகள் மூச்சுக்கருவியில் இருந்தாள்.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் தன் வண்டியின் பேட்டரியைக் கழற்றப் போன இடைவெளியில் மாடிக்கு ஏறினேன். செவிலியர் அக்கா ஒரு ரப்பர் பையைக் கையால் அமுக்கிக்கொண்டிருந்தார். அமுக்கினால் குழந்தைக்கு மூச்சு, நிறுத்தினால் இல்லை.

"இன்னும் எவ்ளோ நேரம் தம்பி?"

"தெரியலக்கா."

"தெரியலன்னு சொல்லாதீங்க. என் விரல் மரத்துப் போகுது."

சுவரோரம் நின்ற தங்கை கேட்டாள்: "அண்ணா, டீசல் இருக்குல்ல?"

"இருக்கும்மா. தொட்டி நிறைய இருக்கு."

"அப்புறம் ஏன்?"

படியிறங்கி ஓடினேன்.

முன்வரிசை அம்மா, குழந்தைக்கு என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? பிழைத்துவிட்டாள். ஆம்புலன்ஸ் பேட்டரியை மாட்டி ஜெனரேட்டரைக் கிளப்பும்வரை, முப்பத்தைந்து நிமிடம் அந்த அக்காவின் விரல்களில் பிழைத்தாள். அக்கா இங்கேதான் இருக்கிறார். தேடாதீர்கள், எழுந்து நிற்க மாட்டார்.

குற்றம் என்னுடையது. ஆனால் பத்து நிமிட எண்ணெய்க்கு நான் ஏன் பயந்தேன்? எங்கோ கிடக்கும் எண்ணெய்க் கிணற்றையும், எங்கோ நிற்கும் கப்பலையும், எவரோ நம்ப வேண்டிய கடிதத்தையும் நம்பி ஒரு குழந்தையின் மூச்சைக் கட்டி வைத்திருக்கிறோமே, அதனால்தான் பயந்தேன்! சந்தையைக் காக்கட்டும், அது விழுந்தால் நசுங்குவது நாமும்தான். ஆனால் சந்தையைக் காக்க ஒரே மதியம் போதுமென்றால், இந்தக் கூரைமேல் சூரியத் தகடு பதிக்கக் கேட்ட மனு மட்டும் ஏன் ஆறு ஆண்டுகள் உறங்க வேண்டும்? அடுத்த சரிவு வராதா? அடுத்த கப்பல் நிற்காதா? அடுத்த மதியம் அந்த அறையில் யார் வீட்டுப் பிள்ளை?

மனு மறுபடியும் இந்த மேசையில் விரிந்திருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள்.

துணிந்து நில்லுங்கள் என்று மேடைகளில் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். பயப்படுங்கள், என்னோடு சேர்ந்து பயப்படுங்கள். என் நடுக்கத்தைப் பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம். நாளை திங்கட்கிழமை. காலை எட்டு மணிக்குப் பத்து நிமிடம் ஜெனரேட்டர் சத்தம் உங்கள் வீடுவரை கேட்கும். கேட்காவிட்டால், தயவுசெய்து ஓடி வாருங்கள்.