தொட்டிக்கு ஒரு கொம்பு

உங்கள் மேசையில் இருக்கும் மணிபிளாண்ட் பாட்டிலுக்குத் தண்ணீர் மாற்றிப் பத்து நாளாவது ஆகியிருக்கும், மேடம். வேர் பழுப்பாகிவிட்டது, கிட்டே போனால் வாடை வருகிறது. தண்ணீரை மாற்றிவிட்டு பாட்டில் மேல் ஒரு பழைய செய்தித்தாளைச் சுற்றி வையுங்கள். வேருக்கு வெளிச்சம் ஆகாது. அலுவலகத்தில் செடி வைப்பவர்கள் எல்லாரும் இலையைத்தான் பார்க்கிறார்கள்.

பேப்பரும் பேனாவும் கொடுத்ததற்கு நன்றி. உங்கள் எழுத்தர் கெட்டிக்காரர்தான், ஆனால் நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்பது எழுதுகிறார். என் விஷயத்தை நானே எழுதினால்தான் சரிவரும். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். இருபத்திரண்டு வருட வேலை. ஒரு மயிரிழை அதிகம் தேய்த்தால் லென்ஸ் சட்டத்தில் நிற்காது. குறைவாகத் தேய்த்துவிட்டு அழுத்தினால் விரிசல் விடும். கோபக்காரனுக்கு ஒத்துவராத வேலை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், எனக்கு ஆத்திரமே வந்ததில்லை. கடையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் வீடு மூன்றாவது மாடியில். இரண்டு அறை, ஒரு பால்கனி. பால்கனியில் பதினான்கு தொட்டிகள். ஒன்றைக்கூடக் கடையில் வாங்கியதில்லை, எல்லாம் நான் கொம்பு வெட்டி வந்து வளர்த்தவை. யார் வீட்டு மதிலுக்கு வெளியே கிளை நீட்டினாலும் என் கண் அங்கே போய்விடும். பென்சில் பருமனில், ரொம்ப முற்றாத கொம்பாக, மூன்று நான்கு கணுவோடு பார்த்து எடுக்க வேண்டும். கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக ஒரே வெட்டு. கீழ் இலைகளை நீக்கிவிட வேண்டும். மொட்டு இருந்தால் இரக்கம் பார்க்காமல் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ள சத்தெல்லாம் அதற்கே போய்விடும். அப்புறம் நிழலில் வைத்து, காற்றுப் படாமல் மேலே ஒரு பாலிதீன் பையைக் கவிழ்த்துவிட்டால் மூன்று வாரத்துக்குத் தொடவே கூடாது. வேர் விட்டதா என்று தினம் பிடுங்கிப் பார்ப்பவர்கள்தான் செடியைக் கொல்கிறார்கள்.

என் மனைவியையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டேன். ஒன்பது வருடத்துக்கு முன் வேறு ஊரிலிருந்து வந்தவள். சிரித்தால் கீழ்த்தளம் வரை கேட்கும். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை, நாலு தோழிகள், எப்போது பார்த்தாலும் போன். புது இடத்தில் பிடிப்பு வரும்வரை இதெல்லாம் எதற்கு என்று ஒவ்வொன்றாக நிறுத்தினேன். முதலில் வேலை, பிறகு தோழிகள், பிறகு போன். நான் கடைக்குக் கிளம்பும்போது வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு போவேன். கண்ட ஆட்களும் ஏறிவரும் கட்டடம் அது. அவள் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. எள் என்றால் எண்ணெயாக நிற்பாள்.

மறுத்துப் பேசியதில்லை என்றா எழுதினேன்? இரண்டாம் வருடம் ஒருமுறை பேசினாள். கதவைப் பூட்ட விடாமல் நிலையில் வலது கையை வைத்துக்கொண்டு, "நானும் மனுஷிதாங்க. இன்னிக்கு ஒரு நாள் பூட்டாம போங்க" என்றாள். நான் கதவைச் சாத்தினேன். எப்போதும் சாத்தும் வேகத்தில்தான் சாத்தினேன். அவள் கையை எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். எடுக்காதது அவள் பிடிவாதம். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அதற்குப் பிறகு முழுதாக மடங்கவில்லை. கட்டுப் போட்டது நான்தான், ஆறு வாரம் தினமும் கட்டை மாற்றியதும் நான்தான். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

விரலுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று அவளுக்குக் கொம்பு வெட்டக் கற்றுக்கொடுத்தேன். என்னைவிட நன்றாகத் தேறிவிட்டாள். நான் வைத்துப் பட்டுப்போன நந்தியாவட்டை அவள் வைத்ததும் பிடித்துக்கொண்டது. ஒரே குறை, அந்த இரண்டு விரலும் மடங்காததால் கத்தரி முழுதாக மூடாது. வெட்டின ஓரத்தில் நூல் மாதிரி பட்டை ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பிடித்து இழுத்து உரிப்பாள். அந்த வழியாக அழுகல் இறங்கும் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். மற்றபடி, சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்து மண் கலக்கும் நேரத்தில்தான் அவள் என்னோடு பேசுவாள்.

"ஏங்க, வெட்டினா கொம்புக்கு வலிக்குமா?"

"வேர் வர்ற வரைக்கும் வாடும்."

"வந்துட்டா?"

"வந்துட்டா அது தனிச் செடி. எங்கேர்ந்து வெட்டினாங்கன்னு நெனச்சுட்டு இருக்காது."

அவள் மண்ணைக் கிளறிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் சமையலறையில் இருந்தாள், நான் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். செம்பருத்தித் தொட்டிக்கு அடியில் எறும்பு போகிறதே என்று தொட்டியைத் திருப்பினேன். சுவர்ப் பக்கம் பார்த்த கிளையில் ஒரு வெட்டு இருந்தது. ஓரத்தில் பட்டை உரிந்த தழும்பு. வெட்டுக்குக் கீழே இருந்த கணுவிலிருந்து புதுத்துளிர் கிளம்பி என் விரல் நீளம் வளர்ந்திருந்தது. என் செம்பருத்தி அந்த நீளம் வர ஐந்து வாரம் எடுக்கும். அடுத்து ரோஜாவைத் திருப்பினேன், அதிலும் சுவர்ப் பக்கம் ஒன்று. துளிரில் நாலு சிவப்பு இலை, அதாவது மூன்று வாரம். மல்லிகையில் வெட்டு ஒரு வாரப் பழசு, துளிர் இன்னும் கிளம்பவில்லை. பதினான்கு தொட்டியையும் திருப்பிப் பார்த்தேன். தொட்டிக்கு ஒரு வெட்டு, என் கண்ணில் படாத பக்கமாகப் பார்த்து.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறாள். வீட்டில் ஒரு கொம்பும் இல்லை, வெளியே போயிருக்கிறது. தொட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாதவர்கள்தான் கொம்பை வெட்டிக்கொண்டு போவார்கள். எனக்கு நெஞ்சு வலித்தது, மேடம். ஒளிக்காமல் எழுதுகிறேன். தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்து வாரத்துக்கு முன் அப்படி என்னதான் நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன். என் சட்டையில் இஸ்திரிப் பெட்டியின் சூட்டுக்கறை விழுந்த வாரம் அது. சூடு என்றால் என்ன என்று அவளுக்குத் தோளில் காட்டினேன். மூன்று எண்ணும் வரைதான் வைத்தேன், வாய்விட்டு எண்ணினேன். அதற்குப் போய் ஐந்து வாரம் ஒளிந்து ஒளிந்து கொம்பு வெட்டுவதா?

எங்கள் வீட்டுக்கு வந்துபோகிறவன் ஒருவன்தான், அவள் தம்பி. லாரி ஓட்டுகிறான். ஓட்டம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் தோளில் ஒரு துணிப்பையைப் போட்டுக்கொண்டு வந்து ஒருமணி நேரம் இருந்துவிட்டுப் போவான். உடன்பிறந்தவனையும் வரக்கூடாது என்று சொன்னால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று விட்டுவைத்திருந்தேன். என் முதல் தப்பு அது.

மனைவியிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டேன், நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். தம்பியின் கண்ணாடி தயாராகிவிட்டது, கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். செடிக் கத்தரி பையில் இருந்தது. அது எப்போதும் இருக்கும், வழியில் நல்ல கொம்பு கண்ணில் பட்டால் விடமாட்டேன். அதனால் திட்டம் போட்டுப் போனான் என்று எழுத வேண்டாம். கண்ணாடியைத்தான் வீட்டிலேயே மறந்துவிட்டேன்.

லாரி நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால் ஒற்றை அறையில் மச்சினன் இருந்தான். இரட்டைநாடி உடம்பு. பனியனோடு உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க மாமா. என்ன திடீர்னு?"

"உன் கண்ணாடி ஆயிடுச்சு, குடுக்கலாம்னு வந்தேன்." பையைத் தடவிப் பார்த்தேன். "எடுக்க மறந்துட்டேன்."

"கண்ணாடிக் கடைக்காரரே கண்ணாடிய மறந்தா நாங்க எங்க போறது?" என்று சிரித்தான்.

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் விளிம்பில் வரிசையாகப் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் செய்தித்தாள் சுற்றி, அவள் கையெழுத்தில் செடியின் பெயரும் தேதியும் எழுதியிருந்தது. எண்ணிப் பார்த்தேன், பதினான்கு. நான் பார்ப்பதை அவன் பார்த்தான். சிரிப்பு நின்றது. அவனுக்குப் பொய் சொல்ல வராது, அந்த ஒரு நல்ல குணம் உண்டு. ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்தான்.

"எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது மாமா. வர்ற வெள்ளிக்கிழமை அக்காவக் கூட்டிட்டுப் போறேன். வேற ஊர்ல வீடு பாத்தாச்சு. நீங்க நல்லபடியா அனுப்பிடுங்க."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. தோளக் காட்டுச்சு." ஜன்னல் பக்கம் கையைக் காட்டினான். "நகை வேணாம், துணி வேணாம்னுடுச்சு. இந்தச் செடிங்க மட்டும் போதுமாம். அந்த வீட்ல அழாம பாக்க முடிஞ்சது இது ஒண்ணுதான்டான்னு சொல்லுச்சு."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மேடம். கண் கலங்கிவிட்டது. ஒன்பது வருடத்தில் அவள் என்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்ட நல்ல வார்த்தை அதுதான். நான் கண்ணைத் துடைத்ததைப் பார்த்து அவனும் இளகிவிட்டான். மாமா ஒத்துக்கொண்டார் என்று நினைத்திருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பி, ரோஜா பாட்டிலின் காகிதத்தைப் பிரித்தான்.

"இங்க பாருங்க மாமா. ரோஜா லேசுல வராதுன்னு அக்கா சொல்லுச்சு. அதுவே வேர் விட்டுடுச்சு."

குனிந்து பாட்டிலைத் தூக்கினான். காதுக்குக் கீழே குத்தினேன். கத்தரி சிறியது, அவன் பெரியவன், ஒரே குத்தில் முடியவில்லை. திரும்பி என் சட்டையைப் பிடித்தான். லாரி திருப்புகிற கை, என்னையும் சேர்த்துக் கீழே இழுத்துவிட்டது. இரண்டு பாட்டில்கள் உடைந்தன. அதே இடத்தில் இன்னும் இரண்டு தடவை குத்தினேன். அடுத்தது எங்கே பட்டது என்று தெரியவில்லை. அவன் உள்ளங்கையில் ஓட்டை இருந்ததாக நீங்கள் சொன்னீர்கள், அப்படியானால் அங்கேதான். பிடி தளர்ந்ததும் கதவை நோக்கித் தவழ்ந்தான். நான் முந்திக்கொண்டு போய்க் கதவைச் சாத்தி அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். வெளியே யாரோ லாரி கழுவிக்கொண்டிருந்தார்கள், ரேடியோ பாடியது. அவன் என்னைத் திட்டவில்லை. "அக்கா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். கடிகாரத்தைப் பார்த்தேன், ஏழு நிமிடம் ஆனது.

கைகால் கழுவிக்கொண்டு, பொத்தான் தைத்த அவன் சட்டையைப் போட்டுக்கொண்டேன். மிஞ்சிய பன்னிரண்டு பாட்டில்களைப் பிளாஸ்டிக் கூடையில் அடுக்கி, தண்ணீர் சிந்தாமல் வீட்டுக்கு நடந்தேன்.

கதவைத் திறந்து உள்ளே போய், பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் பால்கனி வாசலில் நின்றிருந்தாள். கூடையைப் பார்த்தாள். பிறகு சட்டையைப் பார்த்தாள்.

"அவன் எங்க?"

"படுத்திருக்கான்." அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. "இனிமே எந்திரிக்க மாட்டான்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்திருப்பேன். வெயிலில் நடந்து வந்திருக்கிறேனே, முதலில் பாட்டில்களை நிழலில் வைக்கலாம் என்று அறை மூலையில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கினால், அவள் பால்கனிக் கம்பியைத் தாண்டி வெளிப்பக்கம் நிற்கிறாள். எங்கள் பால்கனிக்கும் பக்கத்து வீட்டு டீச்சர் பால்கனிக்கும் நடுவே ஒரு பெரிய எட்டு இடைவெளி. துணி காயப்போட வந்த டீச்சர் அந்தப் பக்கத்திலிருந்து இடுப்பளவு வளைந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தார்.

"கீழ பாக்காதம்மா. என்னையே பாரு. ஒரு கைய எடுத்து என்கிட்ட குடு."

அந்த ஒரு கையை எடுக்கத்தான் அவளுக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு கையாலும் எங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கிட்டே போனேன்.

"நான் போயிடறேங்க" என்றாள். கெஞ்சலாகச் சொல்லவில்லை. கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

எழுத்தர் வாசித்துக் காட்டிய தாளில், 'மனைவியை மூன்றாவது மாடியிலிருந்து தள்ளிக் கொன்றேன்' என்று இருக்கிறது. மச்சினன் விஷயத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம், கையெழுத்துப் போடுகிறேன். இந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள். டீச்சரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். அவருக்குத் தூரப்பார்வைக் கண்ணாடி தேய்த்துக் கொடுத்ததே நான்தான், கிட்டத்தில் நடப்பது அவருக்குச் சரியாகத் தெரியாது. கட்டிய மனைவியைத் தள்ளுகிற ஆள் நான் இல்லை, மேடம். அவள் கம்பியை அப்படி இறுக்கிப் பிடித்திருந்தாள், அவ்வளவு இறுக்கினால் கை வலிக்காதா? பக்கத்தில் உட்கார்ந்து, அவசரப்படாமல், சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.