முத்திரை விழுந்த வண்டி

சார்ஜண்ட் பெவன் அவர்களுக்கு,

விபத்து நடந்த அன்று வில்மிங்டன் பேக்கரியில் தேநீருக்கு உட்கார்ந்தவர்கள் நான்கு பேர். மற்றவர்கள் வெளியே தங்கள் வண்டிகளோடு நின்றே குடித்தார்கள். சாலையைப் பார்த்த நாற்காலியில் டென்சில் ட்ரெஸைஸ். அவருக்கு இடப்புறம் அவர் மனைவி மெர்ல், இடுப்புக்குப் பின்னால் தலையணை வைத்துக்கொண்டு. எதிரே வெல்டிங் பட்டறை கார்த் நோஸ்கே. சுவரோரம் நான். டென்சில் இறைச்சி அடைத்த பேஸ்டி இரண்டு சாப்பிட்டார். தாங்கள் எழுதி வாங்கிய வாக்குமூலங்களில் நான் வெளியே நின்றதாக இருக்கிறது. அது பிழை. நான் உள்ளேதான் இருந்தேன்.

நான் ஆல்வின் பாஸ்கோ, வயது எழுபத்து நான்கு. நம் வட்டாரத்துப் பழைய மோட்டார் சைக்கிள் சங்கத்துக்குப் பத்தொன்பது வருடங்களாக ஆய்வாளர். பழைய வண்டிகளின் பதிவு தொடர வேண்டுமானால் வருடத்துக்கு ஒருமுறை நான் பார்த்து நோட்டில் முத்திரை குத்த வேண்டும். சங்கத்தின் அக்டோபர் மாதப் பயணத்துக்கு முந்தைய சனிக்கிழமை, கண்காட்சித் திடல் கொட்டகையில் அதைச் செய்வது வழக்கம். முத்திரை விழுந்த வண்டியில் பயணம் முடியும்வரை யாரும் ஸ்பேனர் வைக்கக் கூடாது. வழியில் ஏதாவது என்றால் ஆய்வாளரைக் கேட்க வேண்டும். இது நான் கொண்டுவந்த விதி. முன்பு ஒருவர் முத்திரை வாங்கிய கையோடு வீட்டுக்குப் போய், பழைய கண்ணாடிகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு யாரும் இந்த விதியை மீறியதில்லை. நம் ஆட்கள் ஒழுங்கானவர்கள்.

டென்சில் ஓட்டிய வண்டி முப்பத்தோரு வருடம் என்னுடையதாக இருந்தது. 1974-இல் ஜெர்மனியில் செய்தது, தொலைதூரப் பயணத்துக்கென்றே. கறுப்பு டாங்க், இரு பக்கமும் கையால் இழுத்த வெள்ளைக் கோடு. நல்லார்பர் சமவெளியை அதில் ஆறு முறை கடந்திருக்கிறேன். ஒரு திருகாணிகூட நான் மாற்றியதில்லை. முழங்கால்கள் அதன் கனத்தைத் தாங்காமல் போனபோது, ஒரே ஒரு நிபந்தனையோடு டென்சிலுக்குக் கொடுத்தேன். எதையும் மாற்றக் கூடாது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சத்தியமா ஒரு ஸ்குரூவத் தொட மாட்டேன் பெருசு" என்றார்.

நான்கு மாதம் கழித்து வண்டியை என் வாசலுக்கே கொண்டுவந்து காட்டினார். டாங்க் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. முன்னால் ஒரு பெரிய கண்ணாடிக் கவசம், அதற்குள் இரண்டு பாட்டுப் பெட்டிகள். பின்பக்கச் சட்டத்தை கார்த் ரம்பத்தால் அறுத்து, அகலமாக்கி, பற்றவைத்திருந்தார். மெர்லுக்கு இடுப்பு வலி. சாய்ந்து உட்கார ஓர் இருக்கை வேண்டுமாம். வெள்ளைக் கோடு இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். டென்சில் சிரித்தார். "என்ன பெருசு, மூஞ்சி இப்படிப் போகுது? வண்டி செத்தா போச்சு?" கார்த்தும் சிரித்தார்.

எனக்கு எந்த மனிதர் மீதும் கோபம் கிடையாது. இதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மாற்றம் செய்த வண்டிகளும் சங்கத்தில் சேரலாம் என்று எல்லோரும் கை தூக்கி முடிவு செய்தார்கள். நான் தூக்கவில்லை. ஆனால் முடிவானபின் அது விதி. அந்தச் சனிக்கிழமை டென்சிலின் வண்டியை மற்ற வண்டிகளைப் போலவே பார்த்தேன். கார்த்தின் வெல்டிங்கைச் சிறு சுத்தியலால் ஏழெட்டு இடத்தில் தட்டிக் கேட்டேன். மிகச் சுத்தமான வேலை. முத்திரை குத்தினேன்.

பயணம் ஞாயிற்றுக்கிழமை. காலையில் குளிர்காற்று அடித்ததால் மெர்லை என் காரில் வரச் சொன்னேன். நான் பின்னால் உதவிக் கார் ஓட்டுகிறவன். "என் இடுப்ப நெனச்சுப் பாக்குற ஒரே ஆளு நீங்கதான் ஆல்வின்" என்றார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அது தற்செயல் அல்ல.

பேக்கரிக்கு வருகிறேன். மேசையில் வானிலை பற்றியும் ஆட்டுரோமத்தின் விலை பற்றியும் பேச்சு ஓடியது. பேஸ்டியை முடித்ததும் டென்சில் என் பக்கம் திரும்பினார்.

"முன்னாடி ஏதோ டக்கு டக்குனு சத்தம் வருது பெருசு. வளைவுல ஹேண்டில் ஒரு மாதிரி மெதக்குது. ஒரு ஸ்பேனர் போட்டுப் பாத்துரட்டுமா?"

"பாத்துருங்கண்ணே," என்றார் கார்த். "இனிமே கணவாய் எறக்கம்."

விதிப்படி அவர்கள் என்னைக் கேட்டார்கள். நான் விதிப்படி பதில் சொன்னேன். "முத்திரை விழுந்தாச்சு டென்சில். அந்தப் பாட்டுப் பெட்டிதான் ஆடுது. வேற ஒண்ணுமில்ல."

"அப்போ பாட்ட இன்னும் சத்தமா வச்சுக்கிறேன். டக்கு டக்கு காதுல விழாது." மேசையில் எல்லோரும் சிரித்தோம். அவர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டார். பட்டையை மெர்ல் சரிசெய்து விட்டார்.

ஹாரக்ஸ் கணவாயின் மூன்றாவது வளைவு. நான் பின்னால் இருந்தேன். மெர்ல் என் பக்கத்து இருக்கையில். வண்டி பாறையில் மோதியது. டென்சிலின் சாவும் அதன் பின் நடந்தவையும் தங்கள் கோப்பில் உள்ளன. பின்சட்டம் வெல்டிங் ஓரத்தில் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. அதை முதலில் பார்த்தவர் கார்த். "என் வெல்டு. என் வெல்டுதான்" என்று சாலையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு யாரும் வேறெதையும் தேடவில்லை. தங்கள் நிபுணரும் அப்படியே எழுதிவிட்டார். முன்பகுதி பாறையில் நசுங்கியிருந்ததால் அங்கே என்ன இருந்தது, என்ன இல்லை என்று யாரும் பார்க்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை கார்த் என் வீட்டுக்கு வந்தார். நிறைய மெலிந்திருந்தார். வரும் புதன்கிழமை போர்ட் அகஸ்டா நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போவதாகச் சொன்னார். ஒப்புக்கொண்டால் அன்றே உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று வக்கீல் சொன்னாராம். அவர் மனைவி பட்டறையை மூடிவிட்டுத் தாய் வீட்டுக்குப் போகத் தயாராக இருக்கிறாராம். கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார்.

"நீங்க தட்டிப் பாத்தீங்களேண்ணே. என் வெல்டு நல்லா இருந்துச்சா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

"வெளிய பாத்தேன் கார்த். உள்ள எப்படி இருந்துச்சோ, யாருக்குத் தெரியும்?"

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு குற்றமற்றவர் சிறைக்குப் போவது சரியல்ல என்பதால் இதை எழுதுகிறேன். வெல்டிங் நன்றாகவே இருந்தது. பாறையில் மோதிய பிறகுதான் அது பிரிந்தது. ஆய்வு நடந்த சனிக்கிழமை, எனக்கு வெங்காயம் வைத்த சாசேஜ் வாங்கிவர டென்சில் கொட்டகைக்கு வெளியே இறைச்சி சுட்டு விற்ற அடுப்புப் பக்கம் போயிருந்தார். கடுகு வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அவர் வருவதற்குள் முன்சக்கர அச்சைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்தினேன். பிறகு அச்சின் நட்டை மூன்று சுற்று. நான்கு சுற்று என்றால் திடலிலேயே தெரிந்திருக்கும். முப்பத்தோரு வருடம் நான் கழற்றி மாட்டிய நட்டு அது; எத்தனை மைலில் தானாகக் கழன்று விழும் என்று எனக்குக் கணக்குத் தெரியும். சாசேஜ் சூடாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு முத்திரை குத்தினேன்.

கார்த்தை உடனே விடுவிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். ரம்பம் பிடித்தவர் அவர்தான் என்றாலும், அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

தங்கள் காவல் நிலையம் என் வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. இங்கே எழுதிக்கொண்டிருக்கும்போதே தாங்கள் ஜன்னல் திரையை இழுத்துவிடுவது தெரிகிறது. நேரில் வந்து கையிலேயே கொடுக்கலாம்தான். ஆனால் கடிதம் என்றால் முகவரி எழுதி, தபாலில் போக வேண்டும் என்பது எனக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த முறை. நம் ஊர்த் தபால் அடிலெய்டுக்குப் போய், பிரிக்கப்பட்டு, இங்கே திரும்ப மூன்று நாள் பிடிக்கும். இன்று திங்கள். வியாழக்கிழமை தங்கள் கையில் இருக்கும்.

உறையில் முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிவிட்டேன். நாலு மணித் தபால் வண்டிக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. தபால் பெட்டி என் வீட்டுப் பக்கத்திலேயே இருப்பதால், நான் சாலையைக் கடக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஆல்வின் பாஸ்கோ